பதினொரு பேர் ஏழு பேரான கதை

இதை எழுதலாமா கூடாதா என்று எங்கள் கொட்டாய் மாரியம்மனிடம் மூன்று முறை பூ கேட்டிருக்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. முதல் இரண்டு முறையும் சிவப்புதான் வந்தது. இரண்டுக்கும் நடுவில் எட்டு வருஷம். உள்ளதைச் சொன்னால், சிவப்பு வந்தபோது எனக்கு வருத்தம் இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. போன தை மாதம் மூன்றாவது முறை கேட்டேன். வெள்ளை வந்தது. அதற்குப் பிறகும் நோட்டு வாங்க ஆறு மாதம் ஆக்கினேன்.

தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது. இதில் வரும் பேச்சை வெளியே சொல்ல மாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவன் நான். நான் எட்டாவது வரை படித்த விவசாயி. காலையில் திருநீறு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அப்படிப்பட்டவனுக்குச் சத்தியம் என்பது சாதாரணம் இல்லை. ஆனால் அன்று என்னோடு சத்தியம் செய்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செய்யாத ஒருவரும் போய்விட்டார். அவருக்காகத்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடத்தூருக்கும் பொம்மிடிக்கும் நடுவில் எங்கள் பஞ்சாயத்து. நடுவே ஊர் என்று ஒன்று. அதை விட்டுத் தள்ளி, அவரவர் நிலத்திலேயே பத்து இருபது வீடு சேர்ந்து இருப்பதைக் கொட்டாய் என்போம். அப்படி நான்கு கொட்டாய். ஊருக்கு ஏழு உறுப்பினர், கொட்டாய்க்கு ஒருவராக நான்கு, ஆக மொத்தம் பதினொரு பேர். நான் உறுப்பினரான வருஷம்தான் சேலத்திலிருந்து பிரித்து தருமபுரியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எங்கள் கொட்டாயில் நான் ஒருவன்தான் பேப்பர் படிப்பேன், சாராயம் குடிக்க மாட்டேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

பஞ்சாயத்து ஆபீஸில் நாற்காலி ஏழு இருந்தது. அது ஊர்க்காரர்களுக்கு. கொட்டாய்க்காரர்கள் நான்கு பேருக்கும் சுவரோரம் ஒரு பெஞ்சு. ஊர் உறுப்பினர் ஏழு பேரில் ஒருவர் பெண். தலைவருடைய தம்பி மனைவி. அந்த அம்மாளை ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட நாங்கள் ஆபீஸில் பார்த்ததில்லை. கூட்டம் முடிந்ததும் தீர்மான நோட்டு அவர் வீட்டு அடுப்பங்கரைக்குப் போகும். மாவுக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஆகையால் ஒரு நாற்காலி எப்போதும் காலிதான். ஆனால் எங்களில் ஒருவரை அதில் உட்காரச் சொன்னதில்லை. தலைவர் தன் துண்டை மடித்து அதன்மேல் வைத்துக்கொள்வார். ஐந்து வருஷம் அந்தத் துண்டு உறுப்பினராக இருந்தது. வந்த உறுப்பினர்கள் சிலரைவிட அது மோசமாக நடந்துகொள்ளவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

தலைவர் பெரிய புளியந்தோப்பு ஒன்றுக்குச் சொந்தக்காரர். அரசாங்கம் ஊருக்கென்று கொடுத்த ரேடியோப் பெட்டியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று தன் வீட்டில் வைத்துக்கொண்டவர். உபதலைவர் அவர் சொல்வதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்பவர். மற்றவர்கள் பக்கோடா வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பக்கோடா வந்து காகிதம் கசங்கும் சத்தம் கேட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

கடைவீதி வார்டுக்கு மட்டும் ஒரு பாய் உறுப்பினர். புளி வியாபாரி. சுத்துப்பட்டுக் கொட்டாய்களில் புளி வாங்கி மூட்டை போட்டு பொம்மிடி ஸ்டேஷனில் ஏற்றி அனுப்புவார். ஐந்து வேளைத் தொழுகை தப்பாது. கூட்டத்தில் எதையாவது படித்தால், "இன்னொருக்கா படிங்க" என்று கேட்பவர் அவர் ஒருவர்தான். கிளார்க்குக்கு அவரைப் பிடிக்காது.

எங்கள் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு வேலை, வார்டு வரிசைப்படி. முதல் வருஷம் ஒன்றாம் வார்டும் இரண்டாம் வார்டும், அடுத்த வருஷம் மூன்றும் நான்கும். அதற்கு 'முறை' என்று பேர். முறை வந்துவிட்டால் தலைவரே நினைத்தாலும் மாற்ற முடியாது என்று பெருமையாகச் சொல்வோம். எங்கள் கொட்டாய் பதினோராவது வார்டு. ஐந்து வருஷத்தில் பத்து வேலை முடியும். அடுத்து வரும் பஞ்சாயத்தின் முதல் வேலை எங்களுடையது. அது குடிதண்ணீர்க் கிணறு. யூனியன் ஆபீஸிலிருந்து ஆள் வந்து இடம் பார்த்து, சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றை நட்டுவிட்டும் போயிருந்தார்.

அதுவரை எங்கள் பெண்கள் தலைவருடைய தோட்டத்துக்குப் போய் மாட்டுத் தொட்டியில் மொண்டு வருவார்கள். பம்பு ஓடும்போது போனால் தண்ணீர். நின்றுவிட்டால் பண்ணையாளிடம் கெஞ்ச வேண்டும். என் மனைவி காலையில் மூன்று நடை, சாயங்காலம் இரண்டு நடை. போகும்போதும் வரும்போதும் அந்தச் சுண்ணாம்புக் கல்லைத் தாண்டித்தான் போவாள். "ஒங்க கெணறு நல்லா வளருதுங்க, நேத்தைக்கு இன்னைக்கு ஒரு வெரக்கட ஒசந்திருக்குது" என்பாள். நான் சிரித்துக்கொண்டு, "அடுத்த தேர்தல் முடியட்டும் புள்ள, மொத வேல நம்முளுதுதான்" என்பேன்.

எங்கள் காலம் முடிய ஆறேழு மாதம் இருக்கும்போது தலைவர் எல்லோரையும் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போனார். அவர் பங்காளி ஒருவரின் லாரி. பென்னாகரம் வரை பாட்டு, அதற்குப் பிறகு ரோடு குலுக்கிய குலுக்கலில் பாட்டு நின்றுவிட்டது. பெண் உறுப்பினர் வரவில்லை. துண்டு வந்தது.

எண்ணெய்க் குளியல் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். கோவணத்தோடு பாறையில் படுக்க வேண்டும். எண்ணெய் தேய்ப்பவர் முதுகில் தாளம் போடுவார். அப்படிப் படுத்துக்கொண்டுதான் எங்கள் தலைவர் ஊராட்சியைப் பற்றி யோசித்தார்.

"பதினோரு பேருன்னா பதினோரு வாயி. வாயி கொறஞ்சா வேல நடக்கும்" என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் முதுகில் ஒரு அடி வாங்கிக்கொண்டே.

"வாயி கொறஞ்சாத்தான் வேல நடக்கும்" என்றார் பக்கத்துப் பாறையில் இருந்த உபதலைவர்.

"அப்ப மீனு மிச்சமாகும்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அன்று கிருத்திகை. நான் மீன் தொடவில்லை. கட்டிக்கொண்டு போன தயிர்ச்சோறுதான் சாப்பிட்டேன். மீனைத் தொடாத அந்தச் சுத்தத்தை நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

சாப்பாடு முடிந்து கரையோரக் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட்டு முடிந்ததும் தலைவர் தட்டில் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றச் சொன்னார்.

"நமக்குள்ள என்னா மனத்தாங்கல் இருந்தாலும், ஊருக்குன்னு ஒண்ணு வந்தா ஒரே கையி. எடுத்த முடிவுக்கு எவனும் குறுக்க நிக்கக் கூடாது. நமக்குள்ள பேசறது வெளிய போகக் கூடாது. இப்படிச் சத்தியம் பண்ணிக்குவோம். என்னா சொல்றீங்க?"

பாய் கோயில் வாசலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்தே கேட்டார். "என்னா முடிவுங்க?"

"அது வர்றப்ப தெரியும் பாய். ஒங்களுக்கு எங்க கற்பூரம் ஆவாது. நீங்க சும்மா இருங்க."

"ஆவாதுதாங்க. ஆனா நாங்க அல்லா மேல ஆண வெக்கறதுன்னா, எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் வெப்போம். வெல தெரியாம மூட்டைய எறக்கறதில்லைங்க."

"பாருப்பா, சாமிக்கிட்டயும் யாவாரம்" என்றார் உபதலைவர். மறுபடி சிரிப்பு.

அதற்கு முந்தின வருஷம் மாரியம்மன் பண்டிகையில் கரகம் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று அடிதடி ஆகியிருந்தது. தலைவர் அதை மனதில் வைத்துத்தான் ஒற்றுமை பேசுகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. முதலில் நீண்டது என் கைதான். உள்ளங்கையால் அடித்தேன், கற்பூரம் அணைந்தது. திரும்ப ஏற்றினார்கள். ஒவ்வொருவராக அடித்தார்கள். கடைசியில் தலைவர் முறை வந்தபோது கட்டி கரைந்து போயிருந்தது. அவர் கறுத்துக் கிடந்த தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. சாமிக்கு முன்னால் சூதுவாது நினைக்கக் கூடாது என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரமே கூட்டம். கிளார்க் தீர்மானம் படித்தார்.

"நிர்வாகச் சிக்கனத்தையும் காரியத் துரிதத்தையும் உத்தேசித்து, உறுப்பினர் எண்ணிக்கையைப் பதினொன்றிலிருந்து ஏழாகக் குறைத்தும், கடைக்கோடி வார்டுகள் நான்கையும் ஊர் வார்டுகளோடு இணைத்தும், உறுப்பினர் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து ஏழு ஆண்டாக நீட்டித்தும் உத்தரவிடும்படி மேலிடத்தைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்படுகிறது."

"இன்னொருக்கா படிங்க" என்றார் பாய். இரண்டாம் தடவை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பதினோராவது வார்டு என்று ஒன்று இனி இல்லை. வார்டு இல்லையென்றால் முறை இல்லை. புதுப் பஞ்சாயத்து ஒன்றாம் நம்பரிலிருந்து திரும்ப எண்ண ஆரம்பிக்கும்.

உபதலைவர் எழுந்தார். "சேலத்த வெட்டி தருமபுரியாக்கலையா? சின்னதா இருந்தாத்தான் சீரா இருக்கும்."

"அங்க சின்னதாக்கி ஆபீச நம்ம கிட்டக்க கொண்டாந்தாங்க" என்றார் பாய். "இங்க சின்னதாக்கி மெம்பர தூரத்துக்குக் கொண்டு போறீங்க. கொட்டாய்க்காரன் ஒரு குறையச் சொல்லணும்னா இனிமே எங்க வரணும்? ஒங்க வூட்டு வாசலுக்கு."

"வரட்டுமே. மோர் குடுக்கறோம்."

"சரிங்க. ஏழு வருசம் எதுக்கு?"

"அஞ்சு வருசத்துல என்னா பாய் கிழிக்க முடியும்? மொத வருசம் கத்துக்க. கடைசி வருசம் ஓட்டுக் கேக்க. வேலைக்குன்னு பாத்தா நடுவுல மூணு வருசந்தான்."

"அந்த மூணு வருசத்துல என்னா கிழிச்சோம்னு மொதல்ல பாக்கலாங்களா?"

யாரோ இருமினார்கள். தலைவர் சுவர் மூலையில் பல்லி போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் விடவில்லை. "தராசுல ஒரு தட்டக் கழட்டிட்டா எட போடற வேல சீக்கிரம் முடியுங்க. அதுக்குப் பேரு யாவாரம் இல்ல."

மற்ற மூன்று கொட்டாய் உறுப்பினர்களைப் பார்த்தேன். எட்டாம் வார்டுக்குப் பாலம் ஆகிவிட்டது. ஒன்பதுக்குப் பள்ளிக்கூடக் கொட்டகை. பத்துக்கு ரோடு. அவர்களுக்கு வேலை ஆகிவிட்டது. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என் தொடையைத் தட்டி மெல்லச் சொன்னார். "சாமிக்கிட்ட சொல்லியாச்சில்லப்பா. விடு."

தலைவர் பல்லியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பதினோராவது வார்டு என்னா சொல்ற? ஒகேனக்கல்லு ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க" என்றேன்.

"அப்பறம் என்னா. சம்மதம்னா கைய தூக்குங்கப்பா."

தூக்கினேன். கற்பூரம் அடித்த அதே கை. அதில் சின்னதாய் ஒரு கொப்புளம் இன்னும் ஆறாமல் இருந்தது. வந்திருந்த பத்துப் பேரில் ஒன்பது கை மேலே. எந்த வார்டைக் காப்பாற்ற எங்கள் ஜனங்கள் என்னை அனுப்பினார்களோ அந்த வார்டை நானே கை தூக்கிக் கொன்றேன். அப்படிச் செய்துவிட்டு, தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று அன்று மனதுக்குள் சொல்லிக்கொண்டவனும் நானே. தலைவரையும் மற்றவர்களையும் நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ, அதைவிட ஒரு படி கேவலமாக அந்தப் பெஞ்சில் கை தூக்கிய என்னை நினைக்கிறேன். அவர்கள் வேண்டியதைத் தெரிந்து செய்தார்கள்.

கிளார்க் 'ஏகமனதாக' என்று எழுதினார். பாய் நோட்டை வாங்கி, அதற்குக் கீழே தன் கையால் 'எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் வார்டு போகவில்லை. அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மேலே போன நகலில் அவர் எழுதிய வரி இல்லை என்று பிறகு தெரிந்தது. பக்கோடா வந்தது. பாய் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சாப்பிட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் சொல்லவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்றும் சத்தியம் அல்லவா, அது எனக்கு வசதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் காலை என் மனைவி வழக்கத்தைவிட முன்னாலேயே திரும்பி வந்தாள். ஒரு குடம் காலி.

"ஏம்புள்ள, பம்பு நின்னுடுச்சா?"

"ஓடுதுங்க. பண்ணையாளு சொல்றான், 'இனிமே ஒங்க கொட்டாய்க்கு மெம்பரே கெடையாதாமே, பாத்துப் பதமா நடந்துக்க'ன்னு. நான் பெருமையா சொல்லிட்டு வந்தன், 'எங்கூட்டுக்காரரு இருக்கற வரைக்கும் அது நடக்குமாடா'ன்னு. அதுக்கு அவன் சிரிக்கறான்."

நான் நிலத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. குடத்தை இறக்கி வைத்தாள்.

"கைய தூக்கினீங்களா?"

"சத்தியம் பண்ணிட்டன் புள்ள. ஒகேனக்கல்லுல. கற்பூரம் அடிச்சி."

"எதுக்குன்னு கேட்டுட்டுப் பண்ணீங்களா?"

"கேக்கல."

சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறினாள். பிறகு கேட்டாள். "கற்பூரம் எத்தன நேரம் எரிஞ்சிது?"

"ஒரு நிமிசம் இருக்கும்."

"அதுக்கு நான் எத்தன வருசம் நடக்கணும்?"

அவள் மறுபடி அந்தக் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் பற்றிக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

பூசாரியிடம் போய்க் கேட்டேன். தெரியாமல் செய்த சத்தியம் கட்டுமா என்று. கோயில் விளக்குக்கு எண்ணெய் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று யோசிக்காமல் கேட்டது என் முட்டாள்தனம். "சத்தியம் சத்தியந்தாம்பா. தெரிஞ்சி தொட்டாலும் தெரியாம தொட்டாலும் நெருப்பு சுடுமில்ல" என்றார். எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பாய் ஒரு மனு எழுதிக்கொண்டு ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தருமபுரிக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். முழுதும் படித்துக் காட்டினார். எங்கள் கொட்டாயில் எத்தனை வீடு, பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், முறை எப்படி வந்தது, எப்படிப் போனது, எல்லாம் இருந்தது. ஒரு வார்த்தை கூடக்குறைய இல்லை.

"என் கையெழுத்து மட்டும் இருந்தா, 'ஒனக்கென்னாப்பா வந்துது'ம்பாங்க. கொட்டாய் மெம்பரு நீங்க போடணும்."

"சத்தியம் இருக்குதுங்க பாய். எடுத்த முடிவுக்குக் குறுக்க நிக்க மாட்டேன்னு சொல்லிட்டன்."

அவர் கோபப்படவில்லை. மனுவை நாலாக மடித்தார். "நீங்க சாமிக்குப் பயப்படறீங்களா, தலைவருக்குப் பயப்படறீங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. ஒங்க சாமிக்குத் தெரியும்."

என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தொட்டித் தண்ணீரில் கரைத்த மோர். குடித்துவிட்டு, "தாயி, நல்லா இருங்க" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒற்றைக் கையெழுத்து மனுவுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார், தலைவர் வீட்டில் சாப்பிட்டார். "சம்பந்தப்பட்ட கொட்டாய்க்காரங்க ஆட்சேபம் சொல்லலையே" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த தேர்தல் ஏழு இடத்துக்குத்தான் நடந்தது. எங்கள் கொட்டாய் தலைவருடைய வார்டோடு சேர்ந்துவிட்டது. பாய் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. "ஏழு பேருல ஒருத்தனா இருந்து ஏகமனசாப் போறதுக்கு, நான் கடையில புளியாவது தட்டலாம்" என்றார்.

பதவிக்காலத்தை ஏழாக்கும் கோரிக்கை மேலே எந்தக் காகிதக் கட்டில் தூங்கியதோ தெரியாது. ஆனால் அவர்களுக்கு அது தேவையே படவில்லை. ஐந்து வருஷம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று உத்தரவு வந்தது. பிறகு இன்னும் கொஞ்ச நாள். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. விருந்துக்கு வந்தவன் படுத்த பாயைச் சுருட்டாமல் இருந்தால் வீட்டுக்காரன் ஆகிவிடுவான் என்பதை எழுபதுகளில் எங்கள் ஊர் கண்ணாலேயே பார்த்தது. ஏழு பேரில் ஒருவர் பெங்களூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். போயும் உறுப்பினர்தான். ஒருவர் செத்துப் போனார், அந்த இடம் காலியாகவே கிடந்தது. பெண் உறுப்பினர் அடுப்பங்கரையில். மீதி நாலு பேர். பிறகு கூட்டமே கிடையாது, தீர்மான நோட்டு வீடு வீடாகப் போகும். பக்கோடாச் செலவுகூட மிச்சம். சிக்கனம் என்று எழுதியது பொய்யில்லை. ஆபீஸ் பூட்டியே கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏழு நாற்காலியும் பெஞ்சும் தூசி படிந்து நிற்கும். கொட்டாய்க்காரன் ஒரு குறை சொல்ல வேண்டுமானால் தலைவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பாய் சொன்னபடியே. மோர்கூடக் கொடுக்கவில்லை.

கிணறு வெட்டினார்கள். தலைவருடைய புளியந்தோப்புக்குள் வெட்டினார்கள். 'ஊர்ப் பொதுக் கிணறு' என்று பலகை வைத்தார்கள். தோப்புக்கு முள்வேலியும் வைத்தார்கள்.

மழை பொய்த்த வருஷம் ஒன்று வந்தது. தலைவர் தோட்டத்துத் தொட்டியில் மாட்டுக்கே போதவில்லை என்று எங்கள் பெண்களை நிறுத்திவிட்டார்கள். அன்று என் மனைவி இரண்டு குடத்தையும் என் முன்னால் வைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக் கல்லிடம் போனாள். சுண்ணாம்பு எப்போதோ போய் வெறும் கல்லாக நின்றது. அதை நெம்பித் தள்ளிவிட்டு வெட்ட ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போனேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். இரண்டு கோடை வெட்டினோம். நடுவில் பாறை வந்தது. பாய் தனக்குத் தெரிந்த வெடிக்காரர் ஒருவரை அனுப்பி வைத்தார், நாங்கள் கேட்காமலேயே. தண்ணீர் வந்த அன்று என் மனைவி முதல் குடம் மொண்டு மாரியம்மனுக்கு ஊற்றினாள். இரண்டாவது குடத்தை என் தலையில் ஊற்றினாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு இருக்காது. பத்து நாள் கழித்து தலைவர் மேளத்தோடு வந்தார். உபதலைவர் மாலையோடு. வண்டியில் ஒரு கல்வெட்டு. 'ஊராட்சி மன்றத்தின் சீரிய முயற்சியால்' என்று ஆரம்பித்து ஏழு பெயர். பெங்களூர்க்காரர் பெயர் இருந்தது. செத்தவர் பெயரும் இருந்தது. அடுப்பங்கரை அம்மாள் பெயரும் இருந்தது. கிணற்று மேட்டில் கல்லை நட்டுவிட்டு, கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் ஐம்பது அறுபது பேர் சும்மா நின்று பார்த்தோம். கை தட்டச் சொன்னபோது தட்டவும் தட்டினோம்.

மறுநாள் என் மனைவி அந்தக் கல்லைப் பிடுங்கிக் குப்புறப் போட்டு அதன்மேல் துணி துவைத்தாள். இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது. என் மருமகள்கள் துவைக்கிறார்கள். ஏழு பேரும் அடியில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பாய் போன வருஷம் காலமானார். மையித்து அடக்கத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் என்னைக் காட்டி, "கொட்டாய்க்காக அன்னைக்குப் பாயோட சேர்ந்து எதுத்து நின்னவரு இவருதான்" என்று இன்னொருவரிடம் சொன்னார். செருப்பைத் தேடுவதுபோல் நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விசாரித்தால், எங்கள் கொட்டாயில் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போனேனாம். தீர்மான நோட்டைக் கிழித்தேனாம். ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். கொட்டாய்க்காரர்களே மெம்பர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்களாம். இரண்டு கதையிலும் பாய் எழுதிய அந்த ஒரு வரி காணாமல் போய்விட்டது. மேலே போன நகலில் காணாமல் போனது போலவே.

அதற்குப் பிறகுதான் மூன்றாம் முறை பூ கேட்டேன். வெள்ளை வந்ததும் என் மனைவி சொன்னாள். "அம்மன் எப்பவோ சரின்னு சொல்லியிருக்கும். நீங்கதான் செவப்பு வரட்டும்னு வேண்டிக்கிட்டே கேட்டிருப்பீங்க."

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணற்றடியில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க ஒரு வரி சேர்க்க வேண்டாம், அவர்களைக் கெட்டவர்களாக்கவும் சேர்க்க வேண்டாம், அதற்கு இருப்பதே போதும். பத்துப் பேர் வந்திருந்தார்கள், ஒன்பது கை மேலே போனது, அதில் ஒன்று பதினோராவது வார்டின் கை. போகாத கை புளிக்கடைப் பாயுடையது. பக்கோடாவையும் விட்டுவிடாதீர்கள்.